ஒற்றை ஸ்டாம்பா, நாற்பது ஸ்டாம்பா? பழைய தபால் தலையில் வாழ்த்து அட்டை செய்ய மூன்று வழிகள்

பல வீடுகளில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். திறந்தால் உள்ளே தபால் தலைகள். யாரோ ஒரு காலத்தில் ஆசை ஆசையாக உறையிலிருந்து கிழித்துப் போட்டு வைத்தவை. ஆல்பம் வாங்கி நாடு வாரியாக ஒட்டி வைக்கும் பொறுமை இப்போது யாருக்கும் இல்லை. குப்பையில் கொட்டவும் மனம் வராது. எங்கள் வீட்டு டப்பாவும் அப்படித்தான் பரணில் கிடந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் அதை இறக்கினேன். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று இரவு, சாப்பாட்டுக்கு அப்புறம், அதிலிருந்து வாழ்த்து அட்டை செய்கிறேன். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கும் மனதுக்கும் இது தருகிற ஓய்வை வேறு எதிலும் நான் கண்டதில்லை.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் உடனே கேட்பது, "எப்படிச் செய்வது? எதிலிருந்து ஆரம்பிப்பது?" என்றுதான். வழி மூன்று இருக்கிறது. மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். யாருக்கு எது பொருந்தும் என்பதில் எனக்குத் தெளிவான அபிப்பிராயம் உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயன்படுத்திய ஸ்டாம்பை அலங்காரத்துக்கு எடுக்கும் ஆசை ஸ்டாம்ப் அளவுக்கே பழையது. உலகின் முதல் தபால் தலையான பென்னி பிளாக் 1840 மே மாதம் பிரிட்டனில் வந்தது. அடுத்த வருடமே, 1841இல், லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் ஓர் இளம்பெண்ணின் விளம்பரம்: தன் உடை மாற்றும் அறையின் சுவர் முழுக்கப் பழைய ஸ்டாம்ப் ஒட்டப் போவதாகவும், நண்பர்கள் உதவியால் ஏற்கெனவே 16,000 சேர்ந்துவிட்டதாகவும், இன்னும் வேண்டும் என்றும் கேட்டிருந்தார். ஆல்பத்தில் சேர்க்கும் பழக்கம் பரவுவதற்கு முன்பே ஒட்டி அழகு பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

மூன்று வழிகள்

முதல் வழி ஒற்றை ஸ்டாம்ப். மடித்த அட்டையின் முகப்பில் ஒன்றே ஒன்று, மிஞ்சிப் போனால் மூன்று. சுற்றிலும் வெறும் இடம். கீழே கையெழுத்தில் ஒரு வரி. அவ்வளவுதான்.

இரண்டாவது மொசைக். அட்டையில் ஒரு பொட்டு இடம் விடாமல் ஸ்டாம்பாலேயே மூடுவது. நிறம் பார்த்து அடுக்கினால் ஒரு மூலையில் கரும்பச்சையில் தொடங்கி எதிர் மூலையில் மஞ்சளில் போய் முடியும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பது இதற்குத்தான்.

மூன்றாவது உருவம். ஸ்டாம்பைத் துண்டு துண்டாக நறுக்கி மயில், பூந்தொட்டி, பொங்கல் பானை என்று ஒட்டுவது. நீலத் துண்டெல்லாம் மயில் கழுத்து, செம்பழுப்புத் துண்டெல்லாம் பானை. ஸ்டாம்ப் துண்டுகளால் பறவைக்கு இறகும் பெண்ணுக்குப் பாவாடையும் ஒட்டிய படத் தபால் அட்டைகள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உண்டு.

எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் பிடிப்பது மூன்றாவது. ஓய்வுக்காகத் தொடங்குகிறவர்களுக்கு நான் கடைசியாகச் சொல்வதும் அதுதான். காரணம் எளிது. உருவம் செய்ய முதலில் வரைய வேண்டும். எந்தத் துண்டு எங்கே என்று ஒவ்வொரு நொடியும் முடிவெடுக்க வேண்டும். கத்தரி கொஞ்சம் தப்பினால் மயிலின் கழுத்து கோழியின் கழுத்தாகிவிடும். பகல் முழுக்க முடிவெடுத்தே அலுத்துப் போன மூளைக்கு ராத்திரியும் அதே வேலையைக் கொடுப்பது ஓய்வா? படம் வரைவதில் கை ஊறியவர்களுக்கு இது சுகமாக இருக்கலாம். எனக்கு இரண்டு மயிலோடு போதும் என்றாகிவிட்டது.

இன்னொரு தயக்கமும் உண்டு. நம் ஊர் ஸ்டாம்ப்களில் நிறைய மனித முகங்கள். பாரதியாரின் மீசையை நறுக்கிப் பானைக்கு விளிம்பு கட்ட என் கை வராது. உருவம் செய்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் வெளிநாட்டுப் பூ, மீன், பட்டாம்பூச்சி ஸ்டாம்ப்களை எடுத்துக்கொள்வது நல்லது. எங்கே கிடைக்கும் என்று கீழே சொல்கிறேன்.

மொசைக்கின் கணக்கைப் பாருங்கள். ஏ5 தாளை மடித்தால் வரும் ஏ6 அட்டையின் முகப்பு 105க்கு 148 மில்லிமீட்டர். தினசரிப் புழக்கத்துச் சின்ன ஸ்டாம்ப் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அகலம், இரண்டரை உயரம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே முப்பதுக்கு மேல் வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல ஒட்டினால் நாற்பது. எனக்கு ஓர் அட்டைக்கு மூன்று இரவு பிடிக்கிறது. நடுவில் எழுந்து போகவும் முடியாது. பசை காய்ந்துவிடும், பரப்பி வைத்தது மின்விசிறிக் காற்றில் பறந்துவிடும். ஆனால் காலில் கட்டுப் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள், விடுமுறையில் வீடு நிறையப் பிள்ளைகள் இருக்கிற குடும்பம், இவர்களுக்கு மொசைக்கைப் போல வேறில்லை. ஆறு வயசுப் பிள்ளைகூட "சிவப்பெல்லாம் இந்தத் தட்டில்" என்றால் பிரித்துத் தரும். என் அத்தை முழங்கால் அறுவை சிகிச்சைக்கு அப்புறம் வீட்டில் இருந்த நாட்களில் பதினோரு மொசைக் அட்டை செய்தார். அது எல்லாமே சொந்தக்காரர்களின் வீட்டு அலமாரிகளில் இன்னும் நிற்கிறது.

இருந்தும் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது ஒற்றை ஸ்டாம்பிடம்தான். அதற்குக் காரணம் முத்திரை.

புது ஸ்டாம்புக்கும் பழைய ஸ்டாம்புக்கும் வித்தியாசம் அந்தக் கறுப்பு மைதான். புதுசு அழகாக இருக்கும், ஆனால் எங்கும் போயிராது. பழசு போய் வந்தது. மொசைக்கில் அந்த முத்திரை வெறும் கறுப்புக் கோடாகி நிறத்தைக் கெடுக்கும்; அதனால் முத்திரை விழுந்த ஸ்டாம்பை அடியில் தள்ளிவிடத் தோன்றும். உருவத்தில் அது துண்டாகிப் போகும். ஒற்றை ஸ்டாம்பில் மட்டும்தான் முத்திரை பேசும்.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஊறப் போட்ட தட்டில் ஒரு வரையாடு ஸ்டாம்ப் மிதந்துகொண்டிருந்தது. 2000இல் வந்த தொடரின் 50 பைசா நீலகிரி வரையாடு, நம் மாநில விலங்கேதான். கொட்டிக் கிடக்கும் சாதாரண ஸ்டாம்ப், காசுக்குப் பெறாது. ஆனால் அதன் வலது மூலையில் முத்திரையின் கால்வட்டம் பளிச்சென்று விழுந்திருந்தது: கோவில்பட்டி. தேதியில் மாதம் மட்டும் தெரிந்தது. என் பள்ளித் தோழி கோவில்பட்டிக்காரி, இப்போது இருப்பது மஸ்கட்டில். வெள்ளை அட்டையின் நடுவில் அந்த ஸ்டாம்பை ஒட்டி, அடியில் ஒரு வரி எழுதி, அவள் பிறந்தநாளுக்கு அனுப்பினேன். செய்ய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. தொலைபேசியில் அவள் வாழ்த்தைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தக் கால்வட்டத்தைப் பற்றியேதான் பேசினாள்.

ஆகவே தேர்வு இப்படி. வாரத்தில் கிடைப்பது அரை மணி, ஒரு மணி என்றால் ஒற்றை ஸ்டாம்ப். நீண்ட நாள் ஓய்வோ கூட்டமோ இருந்தால் மொசைக். வரையத் தெரிந்து, அதில் ருசியும் இருந்தால் உருவம். சந்தேகமாக இருந்தால் ஒற்றையில் ஆரம்பியுங்கள். சேதாரம் இல்லை, பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

கத்தரியை எடுக்கும் முன்

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆரம்பித்த புதிதில் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டினேன். அம்மா எனக்கு விடுதிக்கு எழுதிய இன்லேண்டு கடிதம் ஒன்று டப்பாவின் அடியில் இருந்தது. இன்லேண்டில் ஸ்டாம்ப் ஒட்டியிருக்காது, தாளிலேயே அச்சடித்திருக்கும். நான் அதைச் சதுரமாக நறுக்கி எடுத்துவிட்டேன். திருப்பிப் பார்த்தால் அதன் பின்பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து, நாலு வரியின் முனைகள். கடிதத்தில் இப்போது ஒரு ஜன்னல் இருக்கிறது. அந்தத் துண்டை அதே இடத்தில் மறுபடி ஒட்டி வைத்திருக்கிறேன், ஆனாலும் அந்த வெட்டு தெரிகிறது.

அதனால் இன்லேண்டு, போஸ்ட்கார்டு இரண்டையும் தொடாதீர்கள். சொந்தக் கடிதம் வந்த உறை என்றால், தேதி முத்திரையோடு அது முழுசாக இருப்பதே மேல்.

பிறகு மதிப்பு. ராஜா ராணி தலை போட்ட 1947க்கு முந்தைய ஸ்டாம்ப் எதையும் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் பசையில் தோய்க்காதீர்கள். குமரி மாவட்டத்துப் பழைய வீடுகளில் சங்குச் சின்னம் போட்ட திருவிதாங்கூர் அஞ்சல் தலைகள் கிடைக்கலாம். 1956 வரை அது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி அல்லவா? அதையும் தனியாக எடுத்து வையுங்கள். 1948 ஆகஸ்ட் 15இல் வந்த காந்தி ஸ்டாம்ப்களும், 1960இல் வந்த திருவள்ளுவர், பாரதியார் ஸ்டாம்ப்களும் கிடைத்தால் வெட்டாமல் முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பணம் வரும் என்பதற்காகச் சொல்லவில்லை. அடுத்த தலைமுறைக்குக் காட்ட ஏதாவது வேண்டும்.

ஊற வைப்பதா, தாளோடு நறுக்குவதா

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஊற வைப்பதுதான். ஓய்வு என்று நான் சொல்வதில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. உறையிலிருந்து ஸ்டாம்பை இழுத்துப் பிய்க்கக் கூடாது. சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் விட்டுத் தாளோடு நறுக்கிக்கொள்ள வேண்டும். அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் விரல் சுடாத வெதுவெதுப்பில் தண்ணீர். ஸ்டாம்பின் முகம் மேலே பார்க்கும்படி ஒவ்வொன்றாக மிதக்க விடுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் பசை இளகி ஸ்டாம்ப் தானாகவே நழுவும். நழுவாவிட்டால் இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள். விரலில் எடுத்துப் பின்பக்கத்தைத் தடவினால் வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பு போகிற வரை இன்னொரு தண்ணீரில் அலச வேண்டும். போகாமல் காய வைத்தால் விரிப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். பழைய பிரிட்டிஷ் இந்திய ஸ்டாம்பாக இருந்தால், ஈரத்தில் பின்பக்கம் பார்க்கும்போது சில சமயம் நட்சத்திர நீர்க்குறி, அதாவது தாளுக்குள்ளேயே பதிந்த அடையாளம், லேசாகத் தெரியும். ஒரு நொடிதான். காயக் காய மறைந்துவிடும்.

காய வைக்கச் செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஏறும். பழைய பருத்தி வேட்டி அருமையான விரிப்பு. காய்ந்ததும் ஓரம் சுருளும். கனமான புத்தகத்தின் நடுவில் ஓர் இரவு வைத்தால் இஸ்திரி போட்டது போல வரும். பழுப்பு உறை, சிவப்பு, மஞ்சள் கல்யாண உறை இவற்றின் துண்டுகளைத் தனித் தட்டில் போடுங்கள். சாயம் இறங்கினால் ஒரு தட்டு ஸ்டாம்பும் ரோஜா நிறமாகிவிடும்.

எல்லா ஸ்டாம்பும் ஊறாது. அமெரிக்காவிலிருந்து வரும் கடிதங்களில் இப்போது இருப்பதெல்லாம் தானே ஒட்டும் வகை. ஏறக்குறைய கடந்த இருபது வருடத்தில் வந்தவை தண்ணீரில் ராத்திரி முழுக்கக் கிடந்தாலும் பிரியாது. சேகரிப்பாளர்களுக்கு இது தலைவலி. நமக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பல்விளிம்பை ஒட்டித் தாளோடு சேர்த்து நறுக்கி அப்படியே அட்டையில் ஒட்டிவிடலாம். 2006இல் இந்தியத் தபால் துறை வெளியிட்ட சந்தன வாசனை ஸ்டாம்ப், அப்புறம் வந்த ரோஜா, மல்லிகை வாசனை ஸ்டாம்ப்கள் கிடைத்தால் அவற்றையும் தண்ணீரில் போடாமல் தாளோடு நறுக்குங்கள்.

ஸ்டாம்புக்கு எங்கே போவது

சொந்த டப்பா தீர்ந்த பிறகுதான் இந்தக் கேள்வி வரும். இப்போது வரும் தபாலில் பாதிக்கு மேல் இயந்திர முத்திரையும் பார்கோடுமாக இருக்கிறது, ஸ்டாம்பைப் பார்ப்பதே அரிது. ஆனால் சிறு பத்திரிகை நடத்துபவர்கள், பழைய வக்கீல் அலுவலகங்கள், ஜோசியர் வீடுகள் இங்கெல்லாம் இன்னும் ஒட்டிய உறை வருகிறது. கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். இதுதான் முதல் தேர்வு. முத்திரையில் தெரிந்த ஊர்கள் கிடைப்பது இதில் மட்டும்தான்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் இரண்டு விதம். எடை போட்டு விற்கும் கலவை ஒன்று. உறைத் தாளோடு அப்படியே வரும், ஊற வைக்கும் சுகம் நிறையக் கிடைக்கும். ஒரே ஸ்டாம்ப் நூறு தடவை வரும், அது மொசைக்காரர்களுக்கு வரம். 1980களில் புழங்கிய பருத்தி, கைத்தறி, ரப்பர் பால் வடிக்கும் ஸ்டாம்ப்கள் இந்தக் கலவைகளில் ஏராளம்.

இன்னொன்று நூறு, இருநூறு என்று எண்ணிப் போட்ட படப் பொட்டலம். சின்ன வயதில் கடையில் வாங்கிய ஹங்கேரி, போலந்து, மங்கோலியா ஸ்டாம்ப்கள் நினைவிருக்கிறதா? அஜ்மான், புஜைரா என்று பெரிய பெரிய மீனும் விண்கலமும் போட்டு வந்தவை? அஜ்மானும் புஜைராவும் ஐக்கிய அரபு அமீரகமாகச் சேர்வதற்கு முந்தைய சில வருடங்களில் சேகரிப்பாளர்களுக்கு விற்கவே ஏராளமாக அச்சடித்தவை அவை. பலவற்றில் மூலையில் அழகாக முத்திரையும் இருக்கும், பின்னால் பசையும் அப்படியே இருக்கும். கடிதத்தில் ஒட்டிப் போனதே கிடையாது. ஆல்பக்காரர்கள் இவற்றை மதிப்பதில்லை. அதனால் மலிவு, வெட்டினாலும் மனம் உறுத்தாது. உருவ அட்டைக்கு இதுதான் சரியான சரக்கு. ஒற்றை ஸ்டாம்ப் அட்டைக்கு நான் இதை எடுப்பதில்லை. போகாத ஊருக்கு முத்திரை குத்தியது போல இருக்கிறது.

பசையும் அட்டையும்

பசையில் நான்கு வகை முயன்றேன். மைதாப் பசை மெல்லிசாக, இதமாக ஒட்டும், ஆனால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. இருபுறம் ஒட்டும் டேப் நம் வெயிலில் ஓரத்தில் கசிந்து தூசி பிடிக்கிறது. வெள்ளைப் பசை கெட்டியாக நிற்கும், நேரடியாக வைத்தால் ஸ்டாம்ப் சுருங்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தூரிகையில் தடவினால் மொசைக்குக்கு அதுதான் சிறந்தது. ஒற்றை ஸ்டாம்புக்குக் குச்சிப் பசை போதும். நான்கு மூலைக்கும் மறக்காமல் தடவ வேண்டும், மழைக்காலத்தில் மூலைதான் முதலில் எழும்பும்.

அட்டைக்குப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதம் கண்ணைப் பறிக்கும். 1959 முதல் அங்கே தயாராகிறது. இதழும் நாரும் பதிந்த அதன் சொரசொரப்பில் ஸ்டாம்ப் தட்டையாக உட்காராது என்பது ஒரு குறை. அதன் அழகும் ஸ்டாம்பின் அழகும் போட்டி போடும் என்பது இன்னொரு குறை. வழவழப்பில்லாத வெள்ளை 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை எந்த எழுதுபொருள் கடையிலும் வெட்டித் தருவார்கள். ஒன்றுமே வாங்க வேண்டாம் என்றால் வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகைகள் குவிந்திருக்குமே. பிள்ளையாரும் மஞ்சள் தடவிய மூலையும் உள்ள பக்கத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, வெறுமையான பின்பக்கத்தை வெட்டிக்கொள்ளலாம். என் அட்டைகளில் பாதி அப்படிப்பட்டவைதான்.

அனுப்பும்போது

கணக்குப் போட்டால், 300 ஜி.எஸ்.எம். ஏ5 தாள் ஒன்பது கிராமுக்குக் கொஞ்சம் மேல். உறை மூன்று நான்கு கிராம். ஒற்றை ஸ்டாம்ப் அட்டை 20 கிராமுக்குள் அடங்கிவிடும், சாதாரணக் கடிதக் கட்டணமே போதும். மொசைக் அட்டை ஸ்டாம்பும் பசையும் சேர்ந்து கனக்கும். தபால் நிலையத்தில் எடை பார்த்து ஒட்டுங்கள். இன்னொன்று கட்டாயம்: பழைய ஸ்டாம்ப் எப்போதும் உறைக்கு உள்ளே, அட்டையில் மட்டும். முத்திரை விழாமல் தப்பி வந்த ஸ்டாம்ப் என்றாலும் உறையின் வெளியே ஒட்டக் கூடாது. ஒருமுறை பயணம் செய்ததிலேயே அதன் கட்டணம் தீர்ந்துவிட்டது.

பொங்கலுக்கு அட்டை அனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் நின்றே போய்விட்டது. இந்த வருடம் காங்கேயம் காளை ஸ்டாம்பைத் தேடி வைத்திருக்கிறேன். 2000இல் நாட்டு மாட்டினங்களுக்காக வந்த நான்கில் ஒன்று அது. டப்பாவில் மூன்றுதான் தேறியது, ஆகவே மூன்று பேருக்கு. உறையின் மேல் ஒட்டப் புது ஸ்டாம்ப் வாங்கச் சென்னை அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்துக்குப் போவேன். அங்கே தபால் தலைப் பிரிவு இருப்பது 1913இல் எலெக்ட்ரிக் தியேட்டர் என்ற சினிமாக் கொட்டகையாக எழுந்த கட்டடத்தில். எடுக்கும்போது நல்ல படமாகப் பார்த்துக் கேட்டு வாங்குவேன். என் அத்தைக்கு அனுப்பும் உறையில் ஒட்டியது எப்படியும் மறுநாளே அவர் வீட்டுத் தாம்பாளத்தில் ஊறிக்கொண்டிருக்கும்.